கெடுவும் தவணையும்

பொறியியல் கல்லூரி ஒன்றில் கட்டுரைப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். போட்டி தொடங்கத் தாமதமானது. அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அங்கே நடந்துகொண்டிருந்த தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். பாதிப் பேர் கண்ணில் தூக்கம். ஆளுக்கு ஓர் அரைத்தாள் கொடுத்தார்கள். தலைப்பு: 'என் இலக்கு, என் தேதி'. பக்கத்திலிருந்த மாணவர் 'சொந்த கம்பெனி, 100 கோடி டர்ன்ஓவர், 2030' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து 2030ஐ அடித்துவிட்டு 2032 என்று போட்டார். அந்த இரண்டு வருடச் சலுகை எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

எழுதவைப்பதற்கு முன் பயிற்சியாளர் ஒரு கதை சொன்னார். நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். 1953இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவர்களில் 3 சதவீதம் பேர் மட்டும் தங்கள் இலக்கை எழுதி வைத்திருந்தார்களாம். 20 வருடம் கழித்துப் பார்த்தால், அந்த 3 சதவீதத்தாரின் சொத்து மீதி 97 சதவீதத்தாரின் மொத்தச் சொத்தைவிட அதிகமாம். கதை அருமை. ஆனால் அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. 1996இல் 'ஃபாஸ்ட் கம்பெனி' என்ற அமெரிக்க இதழ் இதன் மூலத்தைத் தேடிப் போனபோது, மேடைப் பேச்சாளர்கள் ஒருவரையொருவர் கை காட்டினார்கள். பல்கலைக்கழகத்தில் அதற்கான தடயமே கிடைக்கவில்லை.

பொய்க் கதை ஒன்று இவ்வளவு ஓடுகிறதே என்பதற்காக, இலக்கு வைப்பதே வீண் என்று முடிவு கட்டிவிட முடியாது. இதைப் பற்றி 50 வருடத்துக்கும் மேலாக உண்மையான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவை சொல்வதில் பாதி நம் பயிற்சியாளருக்குச் சாதகம். மறுபாதியைத்தான் எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை.

சாதகமான பாதி உளவியலாளர் எட்வின் லாக்கிடமிருந்து தொடங்குகிறது. 'உன்னால் முடிந்ததைச் செய்' என்பதைவிட, கடினமான இலக்கை அளவு குறித்துக் கொடுத்தால் மனிதர்கள் அதிகம் செய்கிறார்கள் என்று 1968இல் அவர் எழுதினார். கேரி லேதம் அதை மரம் ஏற்றும் லாரிகளில் சோதித்தார். ஓக்லஹோமாவில் டிரைவர்கள் சட்டம் அனுமதித்த எடையில் 60 சதவீதம் அளவுக்கே ஏற்றிக்கொண்டு போனார்கள். 94 சதவீதம் ஏற்றுங்கள் என்று இலக்கு வைக்கப்பட்டது. கூடுதல் கூலி கிடையாது. எட்டாவிட்டால் தண்டனையும் கிடையாது. முதல் மாதம் 80க்கு ஏறியது. இரண்டாம் மாதம் 70க்கு இறங்கியது. என்னவென்று விசாரித்தால், தண்டனை இல்லை என்று நிர்வாகம் சொன்னது நிஜம்தானா என்று டிரைவர்கள் ஆழம் பார்த்திருக்கிறார்கள்! யாரும் அவர்களை அதட்டவில்லை. மூன்றாம் மாதம் 90ஐத் தொட்டு, அங்கேயே நின்றது. 1975இல் வெளியான இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் 60, 90 என்ற இரண்டு எண்களைச் சொல்லிவிட்டு நடுவிலுள்ள 70ஐ விழுங்கிவிடுகிறார்கள். எனக்கோ அந்த 70தான் முக்கியம். எட்டாவிட்டால் தலை போகாது என்று தெரிந்த பிறகுதான் லாரியில் பாரம் 90க்கு ஏறி நின்றிருக்கிறது.

நிர்வாகவியல் இந்தக் கருத்தை ஏற்கனவே வேறு வழியில் எட்டியிருந்தது. பீட்டர் டிரக்கர் 1954லேயே குறிக்கோள் வழி நிர்வாகம் என்றார். 1981இல் 'ஸ்மார்ட்' என்ற ஐந்தெழுத்து வாய்பாடு வந்தது. இன்டெல்லில் ஆண்டி குரோவ் வளர்த்த ஓகேஆர் என்ற இலக்கு முறையை ஜான் டோயர் 1999இல் கூகுளுக்குக் கொண்டுபோனார். நம் ஐடி கம்பெனிகளின் அப்ரைசல் படிவம் இந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளை. அதை நிரப்பியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

லாரி டிரைவருக்குப் பாரம் ஏற்றத் தெரியும். இலக்கு அவருக்குப் புதிதாக எதையும் கற்றுத்தரவில்லை, கவனத்தை மட்டும் திருப்பியது. எப்படிச் செய்வது என்றே தெரியாத வேலையில் என்ன ஆகும்? இதையும் லேதமும் அவருடைய சகாக்களுமே சோதித்தார்கள். சிக்கலான, பழக்கமில்லாத பணிகளில் 'இத்தனை எண்ணிக்கை எட்டு' என்ற இலக்கு பல சமயம் ஆளைப் பதற வைக்கிறது. வழி தேடாமல் எண்ணின் பின்னால் ஓட வைக்கிறது. 'இதைச் செய்ய இத்தனை வழிகளைக் கண்டுபிடி' என்ற கற்றல் இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் அவர்களை முந்தினார்கள். 100 கோடி டர்ன்ஓவர் எழுதிய அந்த மாணவர் இதுவரை ஒரு பொருளைக்கூட யாருக்கும் விற்றிருக்க மாட்டார். அவருடைய தாளில் இருந்திருக்க வேண்டியது, 'இந்த செமஸ்டருக்குள் 20 கடைக்காரர்களிடம் பேசுவேன்' என்பது போன்ற ஒன்று. அப்படி எழுதினால் கைதட்டல் கிடைக்காது.

இனி தேதிக்கு வருவோம். இலக்கைவிடத் தேதியில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம்.

கனடாவில் ரோஜர் பியூலரும் சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பட்டப்படிப்பின் கடைசி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 33.9 நாள். எல்லாமே தவறாகப் போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். சொன்ன தேதியில் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. படு மோசமாகப் போனால் என்று யோசித்துச் சொன்ன கணக்கையும் நிஜம் தாண்டிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

இந்தத் திட்டமிடல் மயக்கத்துக்கு 1979லேயே பெயர் வைத்தவர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும். பெயர் வைத்தவரும் தப்பவில்லை. இஸ்ரேலின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு பாடத்திட்டம் தயாரிக்கும் குழுவில் கானமன் இருந்தார். எப்போது முடியும் என்று ஒவ்வொருவரையும் தாளில் எழுதச் சொன்னார். இரண்டு வருடத்தை ஒட்டியே எல்லாருடைய பதிலும். பிறகு குழுவிலிருந்த பாடத்திட்ட வல்லுநரிடம், இதேபோன்ற மற்ற குழுக்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டு, சுமார் 40 சதவீதம் குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவற்றுக்கும் ஏழு முதல் பத்து வருடம் ஆனது என்றார். வேடிக்கை என்னவென்றால், சற்று முன் இரண்டு வருடம் என்று எழுதியவர்களில் அவரும் ஒருவர். இதைக் கேட்ட பிறகும் குழு வேலையை நிறுத்தவில்லை. எட்டு வருடம் ஆயிற்று. அந்தப் பாடத்திட்டம் பயன்படுத்தப்படவே இல்லை.

தனி மனிதர்களை விடுங்கள். 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர 10 வருடத்துக்குள் முயல வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு 1950இல் சொன்னது. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று.

என் கதையும் இதில் சேர்த்தி. 2014 ஜனவரியில், கடைக்காரர் கொடுத்த டைரியின் முதல் பக்கத்தில், 'டிசம்பர் 31க்குள் புத்தகம்' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். தினம் இரண்டு பக்கம், 150 நாளில் 300 பக்கம், மிச்ச நாள் திருத்தத்துக்கு. கணக்கில் பிழை ஒன்றுமில்லை. அந்தக் கணக்கில் அப்பாவின் கண் ஆபரேஷன் இல்லை, தீபாவளி மலர் வேலை இல்லை, மே மாதக் கல்யாணங்கள் இல்லை. இவையெல்லாம் எதிர்பாராதவை என்று அந்த வருடக் கடைசியில் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மே மாதத்தில் கல்யாணம் வருவது எதிர்பாராததா?

முடிக்க வேண்டிய தேதிக்குத் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று கெடு. இன்னொன்று தவணை. கெடு வெளியிலிருந்து வந்து கழுத்தில் உட்கார்வது. முடிந்தால் முடிந்தது, இல்லையென்றால் எல்லாம் போனது. கெட்டுப்போவதற்கும் அதே சொல்தான் என்பது காதுக்குத் தப்பாது. தவணை அப்படியில்லை. மொத்தம் பெரியதாக இருக்கலாம், இன்று கொடுக்க வேண்டியது இவ்வளவுதான் என்பது அதில் அடங்கியிருக்கிறது. ஒன்று தவறினால் அபராதம் கட்டி அடுத்ததில் சேர்ந்துகொள்ளலாம். பெரிய இலக்குகளுக்கு நாம் கெடு வைக்கிறோம், வைக்க வேண்டியது தவணை. இதுவரை படித்த ஆய்வுகளிலிருந்து எனக்குக் கிடைக்கும் ஒரே முடிவு இதுதான்.

கெடுவுக்குச் சக்தி இல்லை என்று சொல்லவில்லை. கிடைக்கிற நேரம் முழுவதையும் வேலை விழுங்கிக்கொள்ளும் என்று பார்க்கின்சன் 1955இல் எழுதியபோது, அவர் சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியர். அவர் சொன்னதை ஒவ்வொரு பத்திரிகை அலுவலகமும் தினம் நிரூபிக்கிறது. குரோம்பேட்டை எம்ஐடியில் அப்துல் கலாமுக்கு நடந்ததை 'அக்னிச் சிறகுகள்' படித்தவர்கள் அறிவார்கள். விமான வடிவமைப்பு வரைபடம் தாமதமானதால் பேராசிரியர் ஸ்ரீனிவாசன் மூன்று நாள் கெடு வைத்தார், தவறினால் உதவித்தொகை ரத்து. கலாம் ராப்பகலாக உட்கார்ந்து முடித்தார். செய்யத் தெரிந்த வேலை, குறைந்திருந்தது நேரம்தான். அங்கே கெடு பலித்தது. அதே கலாம் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனபோது, எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்தார். அங்கே எந்தக் கெடுவாலும் ஒன்பதை எட்டாக்கியிருக்க முடியாது. மற்ற எட்டுப் பேரின் உழைப்பு அவர் கையில் இல்லை.

தலைக்கு மேல் கெடு தொங்கும்போது புத்தி கூர்மையாவது போலத் தெரியும். ஆனால் அது குழாய் வழியே பார்ப்பது போன்ற கூர்மை. தமிழ்நாட்டில் பிறந்த பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதனும் எல்டர் ஷஃபீரும், நேரமோ பணமோ போதாதபோது வரும் இந்தக் குறுகிய பார்வையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பங்கேற்று 2013இல் வெளியான ஆய்வு ஒன்று நம் மண்ணில் நடந்தது: விழுப்புரம், திருவண்ணாமலை பகுதிகளின் 54 கிராமங்கள், 464 கரும்பு விவசாயிகள். அறுவடைக்கு முன், கையில் காசு இல்லாமல் அடகும் கடனுமாக இருக்கும் நேரத்தில் ஒரு முறை சிந்தனைத் திறன் சோதனை. கரும்புப் பணம் வந்த பிறகு அதே ஆட்களுக்கு இன்னொரு முறை. முன்னதில் மதிப்பெண் குறைவு, பின்னதில் அதிகம். ஆள் மாறவில்லை, நெருக்கடி மாறியிருந்தது. செவ்வாய்க்கிழமை குழுக் கடன் வசூலுக்கு ஆள் வரும் வீட்டில், 'ஐந்து வருடத்தில் நீ எங்கே இருப்பாய்' என்ற கேள்விக்கு இடமே இல்லை. தன்னம்பிக்கை வகுப்புகள் இதைச் சோம்பல் என்று படிக்கின்றன.

அடுத்தவர் வைக்கும் இலக்கு எண்ணாக மட்டும் வந்து, எட்டாவிட்டால் வேலை போகும் என்றால் என்ன நடக்கும் என்பதற்கு வெல்ஸ் ஃபார்கோ வங்கி பாடப்புத்தகம் ஆகிவிட்டது. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு சேவைகள் விற்க வேண்டும் என்பது அங்கே இலக்கு. ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் விஷயம் வெடித்தபோது 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 ஊழியர்கள் அதற்குள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். மரம் ஏற்றிய டிரைவர்களுக்கு இருந்த அந்த இரண்டாம் மாதம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. இங்கும் மார்ச் கடைசியில் இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லிக் கெஞ்சும் வங்கி ஊழியரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தெரியாது.

கெடுவின் இன்னொரு முகம் போட்டித் தேர்வு. சிவில் சர்வீஸ் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு 32 வயது, ஆறு முயற்சி. பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது, ஒன்பது முயற்சி. 2023ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல், தேர்வானவர்கள் 1,016. அண்ணாநகரின் பயிற்சி மையங்களைச் சுற்றியுள்ள விடுதிகளில் 'இந்த வருஷம் கலெக்டர்' என்று சுவரில் ஒட்டிக்கொண்டு படிப்பவர்களை அறிவேன். அவர்கள் கையில் இருப்பது இன்று படிக்கும் பத்து மணி நேரம். சுவரில் ஒட்டியிருப்பதோ லட்சம் பேரின் உழைப்பும் வினாத்தாளும் நேர்முகத் தேர்வாளரின் அன்றைய மனநிலையும் சேர்ந்து தீர்மானிக்கும் ஒன்று. இங்கே எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றும் தேதி ஒன்றே ஒன்றுதான்: எப்போது நிறுத்துவேன் என்கிற தேதி. அதை யாரும் எழுதி ஒட்டுவதில்லை. எட்டாத இலக்கை விட்டு வேறொன்றைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர்களின் மனநிலை நன்றாக இருக்கிறது என்று கார்ஸ்டன் ரோஷ் முதலானோர் 2003 முதல் எழுதிவருகிறார்கள். நம் வீடுகளில் அதற்குப் பெயர் தோல்வி.

அப்படியானால் பெரிதாக ஆசைப்படவே கூடாதா? குகேஷைப் பார்ப்போம்.

உலகின் இளைய செஸ் சாம்பியன் ஆக வேண்டும் என்று 11 வயதிலேயே கேமரா முன் சொன்ன பையன். அந்த வீடியோவை இன்று எல்லாரும் பகிர்கிறார்கள். சாம்பியன் ஆவதற்கு முன் அவருக்கு இன்னொரு கெடு இருந்ததையும், அதை அவர் தவறவிட்டதையும் பகிர்வோர் குறைவு. உலகின் இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற சாதனை அப்போது செர்கேய் கர்யாகினுடையது: 12 வயது 7 மாதம். 2002இல் வைத்த சாதனை. சென்னையிலேயே பிரக்ஞானந்தா அதைத் துரத்தி, 12 வயது 10 மாதத்தில் பட்டம் பெற்று, சாதனையைத் தவறவிட்டார். அடுத்து குகேஷ். மருத்துவரான அப்பா தொழிலை நிறுத்திவிட்டு மகனுடன் நாடு நாடாகப் போட்டிகளுக்கு அலைந்தார். 2019 ஜனவரி 15 அன்று டெல்லியில் பட்டம் கிடைத்தபோது குகேஷின் வயது 12 வருடம், 7 மாதம், 17 நாள். பதினேழே நாள்! கெடு என்ற கணக்கில் அது தோல்விதான்.

அந்த 17 நாளால் அவருடைய ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் முறையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் கணினி இன்ஜினைத் தட்டி விடை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை குகேஷை அதன் பக்கமே அவர் விடவில்லை. பலகையைப் பார்த்துத் தானே கணக்கிட வேண்டும். குறுகிய கெடுவுக்காக மட்டும் தயாரித்திருந்தால் இது முட்டாள்தனமாகத் தெரிந்திருக்கும். சாதனைத் தேதியை ஒரு பக்கம் துரத்திக்கொண்டே, தினசரித் தவணையில் அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது வேறு ஒன்றை.

கெடு அவரை மறுபடியும் சந்தித்தது. 2023 டிசம்பரில், உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெற அந்த வருடம் முடிவதற்குள் அவருக்குப் புள்ளிகள் தேவைப்பட்டன. தமிழக அரசின் ஆதரவோடு அவசரமாக ஏற்பாடான சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியில் வென்று உள்ளே போனார். அடுத்த ஏப்ரலில் டொராண்டோவில் கேண்டிடேட்ஸை வென்றார். டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், 14ஆவது ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் தவறு செய்ய, 7.5–6.5 என்று உலகப் பட்டம். 22 வயதில் காஸ்பரோவ் வைத்த சாதனை 18 வயதில் முறிந்தது. இதில் ஊரும் அரசும் எதிராளியின் தவறும் உண்டு. அந்தத் தவறு நேரும் வரை 14 ஆட்டங்கள் பலகை முன் தாக்குப்பிடித்தது மட்டும் அவருடையது.

நடைமுறைக்கு உதவும் சிறு விஷயங்கள் சில உண்டு. பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் 1997இல் வெளியிட்ட சோதனையில், கிறிஸ்துமஸ் முன்னிரவை எப்படிக் கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்ப மாணவர்களிடம் சொன்னார்கள். எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து எழுதுவேன் என்பதையும் முன்கூட்டியே குறித்தவர்களில் நாலில் மூன்று பங்குக்கு அருகே அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். கோல்விட்சரே 2009இல் இன்னொன்றும் சொன்னார்: 'நான் இப்படி ஆகப்போகிறேன்' என்ற எண்ணத்தை மற்றவர் அறிந்துகொண்டால், அதற்கான உழைப்பு குறைகிறது. சொன்ன மாத்திரத்திலேயே பாதி ஆகிவிட்ட திருப்தி வந்துவிடுகிறதாம். முடியும் வரை யாரிடமும் மூச்சு விடாதே, கண் பட்டுடும் என்று சொல்லும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது செய்தியே இல்லை.

ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் 41 நாளில் ஞானியாகிவிடுவேன் என்று உறுதி எடுப்பதில்லை. காலையில் குளிக்க வேண்டும், இன்னின்னது தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது, அவ்வளவுதான். வருடம் முழுக்கக் குடியை விட முடியாதவர் 41 நாள் விடுகிறார். எல்லாமே அன்றன்றைக்குக் கட்டும் தவணை. 42ஆம் நாள் என்ன ஆகிறது என்பது வேறு கதை, அதையும் பார்த்திருக்கிறோம்.

பிலிப்பைன்ஸின் மின்டனாவோ தீவில் ஒரு வங்கி, குறித்த தேதியோ குறித்த தொகையோ வரும் வரை தொட முடியாத சேமிப்புக் கணக்கைக் கொடுத்துப் பார்த்தது. எதைக் குறிப்பது என்று வாடிக்கையாளரே தேர்ந்தார். பெரும்பாலோர் தேர்ந்தது தேதியை. ஒரு வருடத்தில் அவர்களின் சேமிப்பு மற்றவர்களைவிடக் கணிசமாக வளர்ந்திருந்தது. நவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் மூவரும் 2006இல் இதை எழுதினார்கள். படித்தபோது எனக்கு அம்மாவின் சீட்டு நோட்டுதான் ஞாபகம் வந்தது.

நாற்பது பக்க நோட்டு, பழுப்பு அட்டை. தெருவில் இருபது பேர், மாதம் நூறு ரூபாய், குலுக்கல் சீட்டு. ஐந்தாம் தேதி ராத்திரி எங்கள் திண்ணையில் டம்ளரில் சீட்டுக் குலுக்குவார்கள். கட்ட முடியாத மாதம் யாருக்கும் வரும். அம்மா அந்தக் கட்டத்தில் சின்னதாக ஒரு சுழி போட்டு, அடுத்த மாதம் இரண்டு டிக் அடிப்பார். எதற்காகச் சீட்டுப் போடுகிறார் என்று எங்களிடம் சொன்னதே இல்லை. பதினாலாம் மாதம் அவர் பெயர் விழுந்தது. மறுநாள் மதியம் மாட்டு வண்டியில் ஒரு தையல் மிஷின் வந்து இறங்கியபோதுதான் அப்பாவுக்கே தெரியும்.

என் புத்தகம் 2017இல் முடிந்தது. சனிக்கிழமைதோறும் நண்பர் ஒருவருக்கு மூன்று பக்கம் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு ஒரு மசாலா தோசை என்று ஏற்பாடு. அவர் தின்ற தோசைகளின் கணக்கு அந்தப் பழைய 2014 டைரியிலேயே, இரண்டு கோடு போட்ட தேதிக்குக் கீழே இருக்கிறது. இருபத்திமூன்று.